ஆட்டம் முடிந்த பின்

மாலை வெயில் தாழ்ந்து, நடுவரின் நீண்ட ஊதல் ஒலித்து ஓய்ந்ததும் திடலின் ஓர் ஓரத்தில் வழக்கமாக ஒரு காட்சியைக் காணலாம். வியர்வையும் புழுதியும் படிந்த சிறுவர்கள் அரைவட்டமாக அமர்ந்திருப்பார்கள். எதிரே பயிற்சியாளர் நின்று பேசிக்கொண்டிருப்பார். வேலிக்கு அப்பால் வாப்பாமார்கள் வண்டியைப் பிடித்தவாறு காத்திருப்பார்கள். மஃரிபுக்கு நேரம் நெருங்கும். பேச்சு மட்டும் முடியாது.

அந்த அரைவட்டத்தின் எதிரே நாமும் பல்லாண்டுகள் நின்றிருக்கிறோம். கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில் கால்பந்து அணியும் நம் பொறுப்பில் இருந்தது. ஆகவே இப்பொருளைப் பற்றிப் பேச நமக்குச் சிறிது உரிமையும், அதைவிடக் கூடுதலாக வெட்கமும் உண்டு.

1984ஆம் ஆண்டு. பள்ளிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். கோலின்றி ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், நம் கோலுக்கு அருகே பதின்மூன்று வயதுத் தடுப்பாட்டக்காரன் ஒருவனின் கையில் பந்து பட்டுவிட்டது. பெனால்டி. தோற்றோம். பூவரச மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கால் மணி நேரத்திற்கும் மேலாகப் பேசினோம். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. ஒரு கணக் கவனக்குறைவு ஓராண்டு உழைப்பை எவ்வாறு அழிக்கும் என்பதை உவமைகளோடு விளக்கினோம். அந்தப் பையனின் பெயரை ஒருமுறையும் உச்சரிக்கவில்லை. அதனைப் பெருந்தன்மை என்றே அன்று எண்ணியிருந்தோம். அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வந்தான். அதற்கடுத்த வாரம் வரவில்லை. பின்னர் வரவேயில்லை.

உள்ளதைச் சொல்வதானால், அன்று நாம் பேசியது பிள்ளைகளுக்காக அன்று. தோல்வி நம் நெஞ்சிலும் எரிந்துகொண்டிருந்தது. அதை எங்கேனும் இறக்கிவைக்க வேண்டியிருந்தது; இறக்கிவைக்க எதிரே பிள்ளைகள் இருந்தார்கள். ஆட்டம் முடிந்தவுடன் நிகழும் பேச்சுகளில் பெரும்பகுதி இவ்வகைப்பட்டதே என்பது நம் துணிபு. கேட்பவன் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூச்சு இன்னும் அடங்கவில்லை. தொண்டை வறண்டிருக்கிறது. முழங்காலில் சிராய்ப்பு எரிகிறது. தவறவிட்ட பந்து ஒன்றே கண்முன் மீண்டும் மீண்டும் உருண்டோடுகிறது. அந்த வேளையில் எவ்வளவு உயர்ந்த அறிவுரையும் காதில் விழும், உள்ளே இறங்காது. இறங்குவது பேசியவரின் முகம் மட்டுமே.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடனைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தோம். பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தம் பல்கலைக்கழக அணியைத் தேசிய வெற்றிக்கு அழைத்துச் சென்றவர். தொடக்கத்தில் பள்ளி ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அவருடைய பயிற்சி நேரங்களை 1974-75 பருவத்தில் உளவியலாளர் இருவர் அருகிலிருந்து கவனித்து, அவர் சொன்னவற்றையும் செய்தவற்றையும் குறித்து வைத்தனர். அவற்றுள் ஏறத்தாழ முக்கால் பங்கு, ‘இதை இப்படிச் செய்’ என்னும் வகையைச் சேர்ந்த சுருக்கமான செய்திகள். புகழ்ச்சியும் கடிதலும் மிகக் குறைவு. நீண்ட சொற்பொழிவு இல்லை. மற்றொரு முயற்சி சியாட்டில் நகரில் நடந்தது. சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களில் ஒரு சாராருக்கு, தவறு செய்த பிள்ளையை முதலில் ஊக்குவித்துப் பின் திருத்தும் முறை கற்பிக்கப்பட்டது. 1992இல் வெளியான முடிவின்படி, அவர்களிடம் பயின்ற பிள்ளைகளில் மறு ஆண்டு விலகியோர் நூற்றுக்கு 5 பேர். மற்றவர்களிடம் பயின்றோரில் 26 பேர். அந்த இருபத்தாறு பேருள் நம் பூவரச மரத்தடிப் பையனின் சாயலை நாம் கண்டோம்.

அப்படியானால் வாய்மூடிப் போய்விடலாமா? அதையும் ஒரு பருவம் முழுதும் செய்து பார்த்தோம். தோற்ற நாளில் பேசாமல் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தோம். மறுநாள் ஒரு பையன், “சார், எங்க மேல கோபமா?” என்று கேட்டான். மௌனமும் ஒரு சொற்பொழிவாகிவிடும் என்பது அப்போது விளங்கியது.

ஆகவே இரண்டு நிமிடம் என்று நமக்கு நாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டோம். யாருக்கேனும் அடிபட்டிருக்கிறதா, எல்லோரும் தண்ணீர் குடித்தீர்களா, எதிரணியினருக்குக் கை கொடுத்தீர்களா, அடுத்த பயிற்சி எப்போது, அவ்வளவே. ஆட்டத்தின் குறைகளை அடுத்த பயிற்சியில், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு பேசினோம். வென்ற நாளுக்கும் இதே அளவுதான். வெற்றிக்குப் பின் பொழியும் புகழுரை, ஆடாமல் வெளியே அமர்ந்திருந்த பிள்ளைக்கு எப்படிக் கேட்கும் என்பதை யார் நினைக்கிறார்கள்? ஒன்றே ஒன்றை மட்டும் ஒத்திப்போடலாகாது: நடுவரை ஏசியதையும், எதிராளியை வேண்டுமென்றே உதைத்ததையும் அன்றே கண்டிக்க வேண்டும். அதையும் தனியே அழைத்துத்தான்.

நம் நாட்டுக் கால்பந்தின் பேராசானாகிய சையது அப்துல் ரஹீம் அவர்களை இங்கு நினைக்கிறோம். ஹைதராபாத்தில் பள்ளியாசிரியராக இருந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருடைய அணி யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்வியின் பாடம் சொல்லில் நிற்கவில்லை, பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்னில் அவருடைய அணி நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது.

அந்தப் பையனைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு நிக்காஹ் வீட்டில் கண்டோம். வாட்டசாட்டமான ஆளாகியிருந்தார். சோற்று வரிசையில் நம்மருகே வந்து அமர்ந்து, பழைய கதைகளைத் தாமே எடுத்தார். நாம் தயங்கித் தயங்கி அன்றைய தினத்தைக் குறிப்பிட்டு வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்தார்.

“சார், நீங்க என் பேரைச் சொல்லியிருக்கலாம். பேரைச் சொல்லாமப் பேசினீங்க. அதனால ஒவ்வொருத்தனும் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தான்.”

நம்மிடம் விடையில்லை. அவரே பேச்சை மாற்றித் தம் மகனும் இப்போது கால்பந்து ஆடுவதாகக் கூறினார். ஆட்டம் பார்க்கப் போவதுண்டா என்று கேட்டோம். ஒன்றையும் விடுவதில்லையாம். தோற்றுவிட்டால் மகனிடம் என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டுவிட்டோம்.

“ஒண்ணும் கேட்கிறதில்லை சார். வண்டியில ஏறினதும் ‘பசிக்குதா’ன்னு கேட்பேன். பரோட்டாக் கடையைத் தாண்டுறதுக்குள்ள அவனே எல்லாத்தையும் சொல்லிடுவான்.”