பெயர் சூட்டியவர்கள்

இரவுப் பதிப்பின் கடைசிப் பக்கமும் அச்சுக்குப் போன பின்னர், முதல் பஸ் ஓடத் தொடங்கும் வரை ஆசிரியபீடத்திலேயே காத்திருப்பது எழுபதுகளில் எங்களுக்கு வழக்கமாயிருந்தது. அரசியல் பகலிலேயே பேசித் தீர்ந்துவிடும். அந்த நேரங்களில் நானும் உதவி ஆசிரியராயிருந்த நண்பரொருவரும் வாதிட்டது வேறொரு விடயத்தைப் பற்றி: 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதிக்கும் நவம்பர் 9ஆம் திகதிக்கும் இடையில், லண்டனின் வைட்சப்பல் பகுதியிலும் அதன் அயலிலும் ஐந்து பெண்களைக் கொன்றவன் யார்? உலகம் 'ஜாக் த ரிப்பர்' என்று அறிந்திருக்கும் அந்த மனிதன் யாரென்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

வினையை விலைக்கு வாங்கியவன் நான்தான். டொம் கலன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1965இல் எழுதிய நூலை மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கி வந்திருந்தேன். அவருடைய ஆளே என்னுடைய ஆளும் ஆனான். பெயர் மொன்டேகு ட்ரூயிட். பாரிஸ்டர், பாடசாலை ஆசிரியர், கிரிக்கெட் ஆட்டக்காரர். ஐந்தாவது கொலை நிகழ்ந்து ஏழு வாரங்களின் பின் அவருடைய சடலம் தேம்ஸ் நதியிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பின் கொலைகளும் நின்றுவிட்டன. வேறென்ன வேண்டும் என்பது என் கட்சி.

நண்பரின் ஆள் ஜோர்ஜ் சப்மன். மூன்று பெண்களுக்கு நஞ்சூட்டிக் கொன்று 1903இல் தூக்கிலேறியவன். கத்தியைப் பிடித்தவன் நஞ்சுக்கு மாறுவானா என்று நான் கேட்பேன். வைட்சப்பல் தெருக்களில் நடந்து துப்புத் துலக்கிய இன்ஸ்பெக்டர் அபர்லைனே அவனைத்தான் சந்தேகித்தார், மேசையிலிருந்து எழுதிய உம்முடைய அதிகாரியை யார் கணக்கெடுத்தது என்று அவர் திருப்பியடிப்பார்.

அந்த மேசை அதிகாரியின் பெயர் மெல்வில் மெக்நோட்டன். 1894இல் அவர் எழுதிய குறிப்பில் சந்தேகநபர்கள் மூவரின் பெயர்கள் உள்ளன. முதலாவது பெயர் ட்ரூயிட். கொலைகள் நடந்த வருடத்தில் அவர் பொலிஸில் இருக்கவே இல்லை என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. பல வருடங்கள் வங்காளத்தில் தகப்பனாரின் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, 1889 ஜூனில் பதவியேற்றவர் அவர். ட்ரூயிட்டை 41 வயதுள்ள வைத்தியர் என்று எழுதியிருக்கிறார். ட்ரூயிட் இறக்கும்போது வயது 31, வைத்தியரல்லர். இரண்டாவது கொலை நடந்த செப்டெம்பர் 8ஆம் திகதி முற்பகலில் அவர் பிளக்ஹீத் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார். குறிப்பில் உள்ள மூன்றாமவரான ஒஸ்ட்ரொக், கொலைகள் நடந்த நாட்களில் பிரான்ஸில் சிறையில் கிடந்தார். நூறு வருடங்களுக்கு மேல் கொலைகாரப் பட்டியலில் இருந்தபின் விடுதலையான மனிதர் அவர்.

இவற்றையெல்லாம் கண்டுபிடித்தது ஸ்கொட்லன்ட் யார்ட் அல்ல. பழைய பதிவேடுகளையும் சிறைக் குறிப்புகளையும் கிரிக்கெட் ஓட்ட விபரங்களையும் சம்பளமின்றித் தோண்டியவர்களே கண்டுபிடித்தார்கள். இந்த வாதத்தில் ஈடுபடுவோரைப் பைத்தியக்காரர் என்று ஒதுக்குவோருக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

உயர் அதிகாரிகள் நால்வர் நான்கு பெயர்களைச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மெக்நோட்டனுக்கு ட்ரூயிட். அபர்லைனுக்கு சப்மன். லிட்டில்சைல்ட் என்பவர் 1913இல் எழுதிய கடிதத்தில் டம்பிள்டி என்ற அமெரிக்கப் போலி வைத்தியர். நான்காமவர் சுவான்சன், வைட்சப்பல் விசாரணையின் ஆவணங்கள் எல்லாம் இவருடைய மேசைக்கே வந்து சேர்ந்தன. தமது மேலதிகாரியின் நினைவுக் குறிப்பு நூலின் ஓரத்தில் பென்சிலால் 'கொஸ்மின்ஸ்கி' என்று எழுதி, அவன் சிறிது காலத்தில் இறந்துபோனான் என்றும் சேர்த்திருக்கிறார். அந்தப் போலந்து யூதரான ஏரன் கொஸ்மின்ஸ்கியோ மனநோய் விடுதிகளில் 1919 வரை உயிரோடிருந்தார். அதிகாரிகளே இப்படியென்றால், பின்னால் வந்தவர்கள் இளவரசரையும் ஓவியரையும் பஞ்சு வியாபாரியையும் இழுத்துக்கொண்டு வந்ததில் வியப்பில்லை. இளவரசர் கதையைப் பற்றி ஒரே வார்த்தை: கொலை நடந்த நாட்களில் அவர் லண்டனில் இருக்கவில்லை என்பதை அரண்மனைப் பதிவுகள் காட்டுகின்றன.

என்னை உறுத்துவது எங்கள் தொழிலின் பங்கு.

1888 செப்டெம்பர் 5ஆம் திகதி லண்டன் 'ஸ்டார்' பத்திரிகை 'தோல் ஏப்ரன்' என்ற பட்டப்பெயருடைய ஒருவனைப் பற்றிப் பயங்கரமாக எழுதியது. யூதச் சப்பாத்துத் தொழிலாளியான ஜோன் பைசரே அவன் என்று பேச்சடிபட்டது. வெளியே போகாதே என்று சகோதரர் சொன்னதைக் கேட்டு அவர் வீட்டுக்குள் ஒளிந்திருந்தார். 10ஆம் திகதி கைதானார். முதற் கொலை நடந்த இரவில் தூரத்துத் துறைமுகத் தீயைப் பார்த்தபடி வேறொரு பகுதியில் நின்றவர் அவர். அங்கே ஒரு பொலிஸ்காரரோடு கதைத்துமிருக்கிறார். மரண விசாரணை அதிகாரி அவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தது, ஊரார் முன்னிலையில் தம்மைச் சுத்தமானவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான். வெளியில் வந்திருந்தால் சனங்கள் தம்மைப் பிய்த்தெறிந்திருப்பார்கள் என்று பைசர் அங்கே சொன்னார்.

பைசரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொருவரின் முகம் வரும். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், கொலையொன்று தொடர்பாகப் பொலிஸார் அழைத்துச் சென்ற ஒருவரின் பெயரையும் அவர் பார்த்த தொழிலையும் முதற்பக்கத்தில் எழுதினேன். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான்காம் நாள் அவரை விட்டுவிட்டார்கள். மடித்த பத்திரிகையோடு அலுவலக வாசலில் வந்து நின்றார். சண்டை பிடிக்கவில்லை. "தம்பி, விட்டதையும் அதே இடத்தில போடுவியளா?" என்று மட்டும் கேட்டார். ஆறாம் பக்கத்தில் ஆறு வரி வந்தது.

கொலைகாரனுக்கு நிலைத்த பெயரைக் கொடுத்ததும் எங்களவர்தாம் போலிருக்கிறது. செப்டெம்பர் 27ஆம் திகதி கிடைத்த, 'ஜாக் த ரிப்பர்' என்று முதன்முதலாக ஒப்பமிட்ட அந்தக் கடிதம் எந்தப் பத்திரிகைக்கும் வரவில்லை. 'சென்ட்ரல் நியூஸ்' என்ற செய்தி நிறுவனத்தின் 'பொஸ்'ஸுக்கு வந்தது. வைட்சப்பலில் கத்தியோடு திரிந்தவனுக்குச் செய்தி நிறுவனம் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா? எழுதியவர் ஒரு பத்திரிகையாளரே என்று பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் நம்பினார்கள். நானும் நம்புகிறேன். செய்தி வறண்ட இரவில் மேசையில் இருந்தவர்களுக்கு அந்த ஆசை விளங்கும்.

அண்மைக் காலத்தில் அதிகம் அடிபடும் பெயர் சார்ள்ஸ் லெச்மியர். ஓகஸ்ட் 31ஆம் திகதி அதிகாலை வேலைக்கு நடந்து போகையில், பக்ஸ் றோவில் மேரி ஆன் நிக்கல்ஸின் உடலைக் கண்டவர். பின்னால் வந்த இன்னொரு தொழிலாளியை நிறுத்திக் காட்டி, இருவருமாய்ப் போய் வழியில் கண்ட பொலிஸ்காரரிடம் சொன்னார்கள். மரண விசாரணையில் அவர் 'சார்ள்ஸ் குறொஸ்' என்று பெயர் கொடுத்தார். 2014இல் ஒளிபரப்பான விவரணப் படமொன்றில் சுவீடன் பத்திரிகையாளர் ஒருவர், பெயரை மாற்றிச் சொன்னவனே கொலைகாரன் என்று வாதிட்டார். ஆனால் குறொஸ் என்பது அவருடைய சிறிய தகப்பனாரின் பெயர். சிறுவயதில் குடிசன மதிப்பீட்டிலேயே அப்படித்தான் பதிவாகியிருக்கிறார். தம் உண்மையான வீட்டு விலாசத்தையும் வேலைத்தலத்தையும் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். பதிவில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வளர்ந்த நாங்கள் இதைக் குற்றமாகக் கொண்டால் ஊரில் ஒருவரும் மிஞ்சமாட்டோம். லெச்மியர் 1920இல் இறந்தார். இறந்தவருக்கு மானநஷ்ட வழக்கு இல்லை. பரம்பரை மட்டும் இருக்கிறது.

நண்பர் ஒரு தடவை, ட்ரூயிட்டைப் பற்றி நான் ஞாயிறு இதழுக்கு எழுதிய கட்டுரையின் படியைப் பார்த்துவிட்டு, "உம்மட ஆளின்ர குடும்பத்தார் ஆரும் இதை வாசிச்சா என்ன மறுமொழி சொல்லுவீர்?" என்று கேட்டார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று பகிடியாகச் சொன்னேன். கட்டுரை வெளியானது. நண்பர் இப்போது இல்லை.

ஹலி றூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியர், கொலைகாரனை விட்டுவிட்டு அந்த ஐந்து பெண்களின் வாழ்க்கையை மட்டும் எழுதிய நூல் 2019இல் வந்தது. பக்ஸ் றோவில் கிடந்த அந்த நிக்கல்ஸ் ஐந்து பிள்ளைகளின் தாய். 1864இல் அவருக்குத் திருமணம் நடந்தது, பத்திரிகையாளரின் தேவாலயம் என்று பெயர்பெற்ற, ஃபிளீட் தெருவின் சென் பிறைட்ஸ் தேவாலயத்தில். கணவர் அச்சு இயந்திரம் ஓட்டுபவர். எத்தனையோ இரவுகள் நாங்கள் மேலே வாதிட்டுக்கொண்டிருக்க, கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் என்ன வேலை செய்தார் என்று ஒருநாளாவது நாங்கள் கேட்டதில்லை.