கர்னல் யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது?

பிப்ரவரி 10, 2024, சனி

டெபியன் 12.5 வெளியாகிவிட்டது. கர்னல் 6.1.76. எண்ணைப் பார்த்தால் சின்ன அப்டேட்தான், 6.1 என்ற வரிசை மாறவில்லை, உள்ளே இருப்பவை பிழைத் திருத்தங்கள். ஆனால் ஒரு தனியுரிம கிராபிக்ஸ் டிரைவர் இந்தக் கர்னலில் கம்பைல் ஆகவில்லை என்று பேச்சு அடிபடுகிறது. வீடியோ எடிட்டிங் கணினியில் அப்கிரேடை நிறுத்திவிட்டேன். அதே டிரைவர் உள்ள சோதனைக் கணினியில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சொன்னபடியே நடந்தது. 6.1.0-18 கர்னலுக்கான ஹெடர் பேக்கேஜை கான்ஃபிகர் செய்யும் இடத்தில் டிபிகேஜி பிழை காட்டி நின்றது. கர்னலோடு சேராத மாட்யூல்களை, ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் மூலநிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்து தருவது டிகேஎம்எஸ். அதன் மேக் லாகைத் திறந்தேன். கடைசியில் காரணம் தெளிவாக இருந்தது: ஜிபிஎல் உரிமம் இல்லாத மாட்யூல், ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டும் திறந்துவிடப்பட்ட 'ஆர்சியூ ரீட் லாக்' என்ற பூட்டுக் குறியீட்டைக் கேட்கிறது.

டிரைவரில் யாரும் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. நினைவகப் பக்கம் ஒன்று செல்லுமா என்று பார்க்கும் சிறு ஃபங்ஷன் கர்னலின் ஹெடர் கோப்பில் இருக்கிறது. அதில் இருந்த ரேஸ் கண்டிஷன் பிழையைத் திருத்த அந்தப் பூட்டைச் சேர்த்தார்கள். ஹெடரில் இருப்பது கம்பைல் ஆகும்போது டிரைவருக்குள்ளும் போய்விடுகிறது. நியாயமான திருத்தம்தான், ஆனாலும் டிரைவர் நின்றுவிட்டது.

கிரப் மெனுவில் பழைய 6.1.0-17 கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். திரை ஒழுங்காக வந்தது. பழைய கர்னலை அவசரப்பட்டு நீக்கக் கூடாது என்பது இதற்குத்தான்.

பிப்ரவரி 12, திங்கள்

"பேக்போர்ட்ஸ்ல இருந்து இன்னும் புது கர்னல் போட்டா சரியாயிடுமாண்ணா?" என்று அலுவலகத் தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். பேக்போர்ட்ஸ் களஞ்சியத்துக்கு ஆப்ட் தரும் முன்னுரிமை 100, வழக்கமான களஞ்சியத்துக்கு 500. நாமே கேட்டாலொழிய எதுவும் அங்கிருந்து வராது. கர்னலை மட்டும் அங்கிருந்து எடுத்து ஹெடரை மறந்தால் டிகேஎம்எஸ் கம்பைல் செய்ய வழியில்லை. ஹெடரும் வந்தாலும், பழைய டிரைவருக்குப் புதுக் கர்னல் இன்னும் அந்நியம்.

அவனுக்கு விளக்கிய அடிப்படை இதுதான். கர்னல் வாக்குக் கொடுத்திருப்பது பயனர் நிரல்களுக்கு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை உடைக்கும் மாற்றத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுப்பதில்லை. அதனால்தான் பிரவுசரோ டேட்டாபேஸோ கர்னல் மாறியதை உணர்வதே இல்லை. கர்னலின் உள் இடைமுகங்களுக்கு அந்த வாக்கு கிடையாது. ஏன் கிடையாது என்று கர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. மூலநிரலுக்குள் இருக்கும் டிரைவரை, இடைமுகத்தை மாற்றுகிறவர்களே சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள். வெளியே நிற்கும் டிரைவரைத் திருத்துவது அதை வைத்திருப்பவர் பொறுப்பு.

மார்ச் 2, சனி

டெபியன் பராமரிப்பாளர்கள் திருத்திய டிரைவர் பேக்கேஜ் கைக்கு வந்தது. சோதனைக் கணினியில் கம்பைல் ஆனது. அதன்பிறகே எடிட்டிங் கணினியைத் தொட்டேன்.

இனி கர்னல் அப்கிரேடுக்கு முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பார்ப்பதை வழக்கமாக்கச் சொல்லியிருக்கிறேன். பட்டியல் காலியாக இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒரு பெயர் இருந்தாலும் சோதனை முதலில். அடுத்த கணினிக்கு, டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கும் கார்டைத்தான் வாங்கச் சொல்லப்போகிறேன். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.