படைச் சின்னம் சொல்லும் கதை

கோல சிலாங்கூர் பக்கம் போனால் புக்கிட் மலாவத்தி குன்றில் ஏறிப் பாருங்கள். கலங்கரை விளக்கமும் பழைய பீரங்கிகளும் இருக்கும். 1784-ல் இக்கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் கோட்டையை மீட்டார். வந்த படை எதுவானாலும் தன் அடையாளத்தைப் பதிக்கவே விரும்புகிறது.

குன்றிலிருந்து இறங்கி, செம்பனைத் தோட்டங்களின் ஊடே உள்ளே வாருங்கள். பத்தாங் பெர்ஜுந்தை வரும். இன்று அதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். 1942 ஜனவரியில் ஜப்பானியரை இவ்வட்டாரத்தில் எதிர்த்து நின்றது பிரிட்டிஷ் இந்தியப் படை. அப்படையின் சின்னங்களைப் பாருங்கள். சீக்கியருக்குச் சக்கரம், கூர்க்காக்களுக்குக் குறுக்காக வைத்த இரண்டு குக்கிரிக் கத்திகள். இப்படி இனத்துக்கு ஒரு சின்னம். பலவற்றின் உச்சியில் ஆங்கில மன்னரின் மணிமுடி!

அடுத்த ஆண்டே நம் தோட்டத்து ஆட்கள் வேறொரு படையில் சேர்ந்தார்கள். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் பொறுப்பேற்ற இந்திய தேசிய ராணுவம் அது. அதன் வில்லையில் மணிமுடி இல்லை. பிரிக்கப்படாத இந்தியாவின் வரைபடம் இருந்தது. படையின் தாரக மந்திரம் மூன்றே சொற்கள்: இத்திபாக், இத்மாத், குர்பானி. அதாவது ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். படைப்பிரிவுகளுக்கும் காந்தி, நேரு, ஆசாத் என்றே பெயர். எந்த இனம், எந்த சாதி என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பால் வாளி தூக்கிய நம் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் அவர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களே அப்படையில் ஏராளம்.

1945 ஜூலை 8-ஆம் நாள் சிங்கப்பூரில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்திலும் அதே மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டன. திரும்பி வந்த ஆங்கிலேயர் செப்டம்பரிலேயே அதைத் தகர்த்துவிட்டார்கள். அவ்விடத்தில் அடையாளப் பலகை வைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு வில்லை கிடந்தால் பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி உடன் வையுங்கள். சின்னம் படையின் பெயரைச் சொல்லும். அணிந்தவரின் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.