உப்பு என்று எழுத நான்கு விசைகள்

முத்துக்குளித்துறைக்கும் தமிழ் அச்செழுத்துக்கும் உள்ள உறவு இலக்கிய வாசகர்கள் அறிந்ததே. 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு சமயச் சிறுநூலில் தமிழ்ச் சொற்கள் இருந்தன, தமிழ் எழுத்துகள் இல்லை. உரோமன் எழுத்துகளிலேயே தமிழ் அச்சேறியது. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்துகளில் வெளிவந்தது. அதைத் தமிழாக்கிய ஹென்றிக்கஸ் அடிகளார் நெடுங்காலம் பணியாற்றியது எங்கள் கடற்கரையில்தான். முதியவர்களுக்குக் கணினி கற்பிக்கத் தொடங்கிய பின்னர் அந்த 24 ஆண்டுகளைப் பற்றி நாங்கள் அடிக்கடி எண்ணுகிறோம்.

தூத்துக்குடியில் ஆசிரிய நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிறு மாலைகளில் வகுப்பு நடத்துகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் வருவார்கள்; மழைக்காலத்தில் உப்பளப் பெண்கள். நடுவண் அரசு 2017இல் தொடங்கி 2024 மார்ச்சில் நிறைவுசெய்த ஊரக எண்ணறிவுத் திட்டம் 14 முதல் 60 வயது வரையிலானவர்களுக்கு 20 மணிநேரப் பயிற்சி அளித்தது. எங்களிடம் வருபவர்களில் பலர் அந்த வயது வரம்பைக் கடந்தவர்கள்.

கைபேசி இவர்களுக்குப் புதியதன்று. நிவாரணத் தொகை வங்கிக்கு வருகிறது. செய்தி கைபேசிக்கு வருகிறது. ஆனால் அதைப் படிக்க இன்னொருவரிடம் நீட்டவேண்டியிருக்கிறது. கைபேசியோடு கடவு எண்ணும் கைமாறுகிறது. “பேத்தியக் கேக்காம நானே பாக்கணும் சார். அவளுக்கும் சோலி இருக்கு, எனக்கும் ரகசியம் இருக்கு” என்றார் உப்பளத்தில் முப்பது ஆண்டு உழைத்த ஓர் அம்மா. முதியோர் கல்வியின் நோக்கத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடத்திட்டமும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இளையவர்கள் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். படித்தவர்களுக்கு அது எளிது. ஆங்கில எழுத்தறியாத ஒருவர் தம் மொழியை எழுத முதலில் வேற்றுமொழியின் எழுத்துகளைக் கற்கவேண்டும் என்பது எவ்வளவு விந்தையானது! லிஸ்பன் சிறுநூலின் நிலைக்கு அவரை மீண்டும் அனுப்புவதாகும் அது.

ஆகவே நாங்கள் தமிழ்99 விசைப்பலகையிலிருந்து தொடங்குகிறோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் ‘கா’. ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். இலக்கண வகுப்பில் நாங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டும் உயிர்மெய்ப் புணர்ச்சி இங்கே விரல்நுனியில் நிகழ்கிறது. உ, ப, ப, உ: நான்கே தட்டல்களில் ‘உப்பு’ வந்துவிடுகிறது. ‘முத்து’ என்று எழுத ஐந்து. அந்த அம்மா தட்டிய முதற்சொல் உப்பு. திரையைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, “இதுல கை எரியல” என்றார். வகுப்பே சிரித்தது, எங்களால் உடனே சிரிக்க இயலவில்லை.

பேசினாலே எழுதிக்கொள்ளும் வசதி வந்துவிட்ட காலத்தில் விசைப்பலகை எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காற்றின் நிலையையோ மீன் விலையையோ அறியக் குரல் போதும், அதையும் கற்பிக்கிறோம். ஆனால் வங்கிச் சிக்கலைப் பலர் சூழ்ந்திருக்கும் வீட்டில் உரக்கச் சொல்ல முடியுமா? விண்ணப்பத்தில் தந்தை பெயரின் ஓரெழுத்து பிழைபட்டால் அதைக் கண்டு திருத்தக் கண்ணும் விரலும் வேண்டும். ரகசியத்துக்கும் திருத்தத்துக்கும் எழுத்தைத் தவிர வேறு துணையில்லை.

கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் படிக்கத் தெரிந்தவர்களை ‘கல்லாதவர்’ என்று பதிவேட்டில் குறிப்பது எங்களுக்குக் கூச்சம் தருகிறது. அவர்களுக்கு நாங்கள் புதிதாகத் தருவது மிகச் சிறியது: தம் பெயரில் வரும் செய்தியைத் தாமே முதலில் படிக்கும் உரிமை. படித்தபின் அதை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பதை அவர்கள் நன்கறிவார்கள்.