நடுங்கும் கையும் நடுங்காத நெஞ்சும்

நோயை வெல்லத் தன்னம்பிக்கை ஒன்றே போதும் என்று மேடைதோறும் முழங்குவோர் இன்று பலர். துன்பப்படுபவனிடமே அத்துன்பத்திற்கான பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டுச் சமுதாயம் ஒதுங்கிக்கொள்வதற்கு இதனைவிட வசதியான தத்துவம் வேறில்லை. நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் பார்க்கின்சன் நோயுடன் வாழும் ஒருவரை அருகிருந்து பார்த்து வருபவர்கள் என்ற முறையில், அந்தத் தன்னம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்ற வினாவை இங்கே எழுப்ப விரும்புகிறோம்.

இந்நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் அரண்மனை வைத்தியர் அல்லர். இலண்டன் நகரின் ஹொக்ஸ்டன் பகுதியிலே சாதாரண மக்களிடையே தொழில் புரிந்தவர். வாக்குரிமை கோரிய இயக்கத்திற் சேர்ந்து, புனைபெயரில் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவர். மன்னனைக் கொல்லச் சதி செய்தனர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட தோழர்களின் பொருட்டு 1794 இல் கோமறைக் கழகத்தின் முன் விசாரிக்கப்பட்டவர். 1817 இல் அவர் வெளியிட்ட சிறுநூல் ஆறு நோயாளரை விவரிக்கின்றது. அவர்களுட் சிலர் அவர் தெருவிலே கண்டவர்கள். தெருவில் தள்ளாடிச் செல்லும் மனிதனைக் கண்டு முகஞ்சுளிக்காது, அவன் நடையை உற்றுநோக்கிய கண்களுக்கே இந்நோய் முதலில் புலப்பட்டது என்பது சிந்தனைக்குரியது.

மூளையின் நடுப்பகுதியிலே கருநிறமான சிறு திட்டு ஒன்று உண்டு. அங்குள்ள கலங்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரந்து நம் அசைவுகளை ஒழுங்குபடுத்துகின்றன. அக்கலங்கள் மெல்ல மெல்ல அழியும்போது கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, செயல் மந்தமாகிறது, குரல் தணிகிறது, முகத்தின் பாவம் மறைகிறது. ஓய்ந்திருக்கும் கையே பெரிதும் நடுங்கும் என்பது இந்நோயின் இயல்பு. 1957 இல் ஆர்விட் கார்ல்சனும், 1960 இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் செய்த ஆய்வுகள் டோபமைனின் பங்கைத் துலக்கின. 1967 இல் ஜோர்ஜ் கொட்சியாஸ் லெவோடோபாவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தோரை எழுந்து நடக்கச் செய்தார். இன்றும் அதுவே தலையாய மருந்து. நோயை அது வேரறுப்பதில்லை. ஆயினும் வாழ்வதற்கு அவகாசம் தருகிறது.

எமக்குக் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்குச் சில ஆண்டுகளின் முன் இந்நோய் கண்டது. கரும்பலகையிலே கருவியின்றி வட்டம் வரைந்த கை அது. முதலில் அவருடைய எழுத்துச் சிறுத்தது. ஓய்வூதியம் பெறச் சென்ற இடத்திலே, பழைய கையொப்பத்துடன் புதியது ஒத்துவரவில்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். சந்தியிலே நடை தடுமாறியபோது, "மாஸ்டரும் இப்ப குடிக்கத் தொடங்கிட்டார் போல" என்ற பேச்சு அவர் காதிலேயே விழுந்தது. அதன் பின்னர் அவர் வாசிகசாலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நோய் அவரை வீட்டுக்குள் அடைக்கவில்லை. ஊரின் வாய் அடைத்தது.

அவரை மீட்டது உபதேசம் அன்று. சிகிச்சை நிலையத்திலே பயிற்சியாளர் ஒருவர் பொறுமையுடன் சொல்லிக்கொடுத்த சில சிறிய காரியங்களே மீட்டன. வாசற்படியருகே அவருடைய கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டனபோல நின்றுவிடும். விறாந்தையில் ஓரடிக்கு ஒன்றாகச் சோக்கினாற் கோடுகள் இழுத்தோம். கோட்டைத் தாண்டுவது என்று எண்ணிக் கால் வைத்தால் உறைந்த கால் பெயர்கின்றது! கோடிட்ட கொப்பியிலே பெரிய பெரிய எழுத்துகளாக எழுதிப் பழகினார். மணிக்கூட்டைப் பார்த்துக் குளிசை எடுத்தார். புரதம் மிகுந்த உணவு அம்மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடுமாதலால், உணவுக்கு அரைமணி முன்னரே அதனை உட்கொண்டார். காலையில் வயல்வரம்பைத் தவிர்த்து, சமமான வீதியிலே கைகளை நன்றாக வீசி நடந்தார். முறையான உடற்பயிற்சி இந்நோயாளருக்கு மருந்தோடு ஒத்த துணை என்பதை இன்றைய வைத்தியர்கள் வற்புறுத்துகின்றனர்.

குரல் தணிந்துபோகாதிருக்க உரத்து வாசிக்க வேண்டும் என்றார்கள். அதனைக் கேட்ட வாசிகசாலை இளைஞர்கள் அவரை அழைத்து வந்து, மாலைதோறும் பத்திரிகையை உரக்க வாசிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். வாசிப்பு முடிந்ததும் பிள்ளைகள் கணக்குக் கொப்பியோடு சூழ்ந்துகொள்வார்கள். ஒருநாள் சோக்குக் கட்டி விரலிலிருந்து நழுவி விழ, ஒரு சிறுவன் அதனை எடுத்துக் கொடுத்தான். மாஸ்டர் எம்மைப் பார்த்துச் சிரித்தார்: "தம்பி, கைதான் ஆடுது, கணக்கு ஆடேல்லை."

வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967 இல் பட்டத்தை இழந்த முகம்மது அலிக்கு, 1984 இல் இந்நோய் கண்டறியப்பட்டது. 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக் விழாவிலே, உலகமே பார்த்திருக்க, நடுங்கும் கையாலேயே அவர் சுடரை ஏற்றினார். அந்தக் காட்சி எங்கோ ஒரு மூலையிற் கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேரை வெளியே வரச் செய்திருக்கும். ஆயின் எல்லோருக்கும் ஒலிம்பிக் மேடை கிடைப்பதில்லை. ஏழை மனிதனுக்கு வாசிகசாலைத் திண்ணைதான் மேடை.

நாம் சொல்ல வருவது இதுவே. தன்னம்பிக்கை தனிமனிதன் தன் நெஞ்சைப் பிழிந்து எடுக்கும் சாறு அன்று. சூழ நிற்போர் கொடுக்கும் இடத்திலே முளைப்பது. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே இந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் மருந்துகள் அருகிப்போன நாட்களை நாம் மறக்கலாகாது. நேரந்தவறிய ஒரு குளிசைகூட நடமாடும் மனிதனைச் சிலையாக்கிவிடக்கூடிய நோய் இது. இத்தகையோரிடம் "மனத்தைத் திடமாக வைத்திரும்" என்று சொல்வது மட்டும் கேலியேயாகும். இலவச வைத்தியம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். உடற்பயிற்சி நிலையங்கள் கிராமங்களையும் எட்ட வேண்டும். மெதுவாக ஏறும் முதியவருக்காகப் பஸ்வண்டி அரை நிமிடம் தரித்து நிற்க வேண்டும். கையொப்பம் இடும்வரை எழுதுவினைஞர் காத்திருக்க வேண்டும்.

மாஸ்டரின் நோய் நின்றுவிடவில்லை. கடந்த ஆண்டைவிட இவ்வாண்டு அவர் நடை மெதுவாயிருக்கிறது. அதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். ஆயினும் அவர் வரும்வரை வாசிகசாலையில் பத்திரிகையை யாரும் விரிப்பதில்லை.