தெரு மூடியிருந்தால் வாசல் எதற்கு?

‘அனுமதி மறுக்கப்பட்டது’. இரவு பதினொரு மணிக்குத் திரையில் இந்த இரண்டு சொற்கள். இருபது வருடமாக மொழிபெயர்த்துப் பிழைப்பவளுக்கு இதில் புரியாத சொல் ஏதுமில்லை. மறுப்பது யார், ஏன் என்பதுதான் புரியவில்லை.

மலையாள நூல்களைத் தமிழாக்கும்போது சேர்த்துவைத்த சொற்கள் மூவாயிரத்துக்கு மேல் இருந்தன: மீன் பெயர்கள், உறவுமுறைகள், நிலப் பத்திரச் சொற்கள். சக மொழிபெயர்ப்பாளர்களும் சேர்த்து, திருத்த வசதியாக, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி சாஃப்ட்வேரை ஒரு வாடகை சர்வரில் நிறுவத் துணிந்தேன். நான் வசிக்கும் திருவனந்தபுரம், இந்திய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கப்பட்ட ஊர். உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் சிரித்தான். “எல்லாத்துக்கும் ஒரு 777 கொடுத்துடுங்க சேச்சி.” கொடுத்தேன். தளம் உடனே திறந்தது. மறுநாள் சர்வர் என்னையே உள்ளே விட மறுத்தது. சொற்களுக்கு வேறு பிரதியும் இல்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர் ஒருவர்தான் வாடகை நிறுவனம் தரும் அவசர வழியாக உள்ளே போய் மீட்டார். “உங்க சாவி இருந்த ஃபோல்டர்ல யார் வேணும்னாலும் எழுதலாம்னு ஆக்கிட்டீங்க. அந்தச் சாவியை சர்வர் எப்படி நம்பும்?” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். யூனிக்ஸ் வழிவந்த கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு: உரிமையாளர், குழு, மற்றவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் ஏழு. 777 என்றால் எல்லோருக்கும் எல்லாம். ஃபோல்டருக்கு மட்டும் அந்த 1 என்பது ‘இயக்க’ அல்ல, ‘கடந்துபோக’.

என் கோப்புகள் 644. யாரும் படிக்கலாம். ஆனால் அவற்றை என் வீட்டு ஃபோல்டருக்குள் வைத்திருந்தேன். உபுண்டு லினக்ஸில் 2021 முதல் புதிதாக உருவாகும் வீட்டு ஃபோல்டருக்கு 750, வெளியாருக்கு சைபர். வலை சர்வர் அங்கே வெளியாள். வாசல் திறந்திருந்தும் தெரு மூடியிருந்தது.

எனக்கு வைக்கம் நினைவு வந்தது. 1924இல் தொடங்கிய சத்தியாகிரகம் கோவிலுக்குள் நுழைய அல்ல, அதைச் சுற்றிய தெருக்களில் நடக்க. ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் இருமுறை சிறை சென்றார். 1925இல் கிழக்குத் தெரு நீங்கலாக மற்றவை திறந்தன. திருவிதாங்கூர் அரசின் கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்க, 1936 நவம்பர் 12ஆம் தேதி மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது அனுமதியை அல்ல, உரிமையை. கம்ப்யூட்டரில் இருப்பது அனுமதிதான். உரிமையாளர் பார்த்துக் கொடுப்பது. அதனால்தான் அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

கோப்புகளை வலைத்தளங்களுக்கான பொது ஃபோல்டருக்கு மாற்றினோம். ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. படங்கள் ஏற்றும் ஒரே ஃபோல்டரில் மட்டும் சர்வர் எழுதலாம். பாஸ்வேர்டு உள்ள கோப்புக்கு 640: நான் எழுத, சர்வரின் குழு படிக்க, மற்றவருக்கு ஒன்றுமில்லை. பத்து நிமிட வேலை.

இப்போது நாகர்கோவிலிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நண்பர்கள் சொற்களைச் சேர்க்கிறார்கள். வாரம் ஒரு பிரதி என் மேஜை டிராயருக்கு வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் இன்னும் 777 என்றுதான் சொல்கிறான். அவன் வீட்டு கேட்டில் மட்டும் இரண்டு பூட்டு.