ஒரு ஈட்டுக்கு 48 பேர்

கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் ராமநவமிக்குத் திருவிழா தொடங்கிப் பத்து நாள் நடக்கும். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் நேர்ந்துகொண்ட தானியத்தோடு வண்டி கட்டி வருவார்கள். அரியலூர்க்காரன் என்பதால் அந்தத் திடலில் ராட்டினம் சுற்றுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது எழுந்து நிற்பதைப் பார்த்ததில்லை. இந்த முறை நான்கு நாள் முன்னதாகவே போனேன். ஒரு லாரியில் ஜெயண்ட் வீல், இன்னொன்றில் டிராகன் ரயில். இரண்டும் வெறும் இரும்பாக இறங்கிக்கொண்டிருந்தன.

ஃபிட்டருக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரும் அண்ணன் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இரும்பைத் தொடும் முன் அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு திடலில் அரை மணி நேரம் நடந்தார். அந்த இடம் கரிசல். பங்குனி வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

“இந்த மண்ண நம்பக் கூடாது தம்பி. காஞ்சா கல்லு, நனைஞ்சா களி. ஒரு காலு ஒரு விரக்கடை எறங்கினா போதும், மேல பத்து மடங்கா சாயும்.”

வெடிப்பு இல்லாத இடமாகப் பார்த்து மேல் மண்ணைச் செதுக்கி, தடித்த மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் அடிச்சட்டத்தை வைத்தார்கள். ரசமட்டம் வைத்து ஒரு மூலையைச் சரிசெய்தால் எதிர்மூலை கோணும். அதற்கே காலைப்பொழுது முழுதும் போனது. பிறகு இரண்டு பக்கக் கால்களும் நின்றன. செயின் பிளாக்கில் அச்சு ஏறியது. அச்சில் முதல் கையைப் பூட்டினார்கள். அடுத்த கை அதன் பக்கத்தில் வரும் என்று நினைத்தேன். நேர் எதிரில்தான் பூட்டினார்கள். பக்கத்திலேயே பூட்டிக்கொண்டு போனால் கனம் ஒரு பக்கமாகச் சேர்ந்து சக்கரம் தானாகவே திரும்பிவிடும், கீழே நிற்பவன் தலை போய்விடும். ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டை முறுக்கியதோடு விடவில்லை. அதிர்வில் கழன்றுவிடாதபடி காட்டர் பின் செருகி, முனையை விரித்து மடக்கினார்கள்.

டிராகன் ரயில் நம் ஊர் ரோலர் கோஸ்டர். முட்டை வடிவத் தண்டவாளம், இரண்டு மேடு, இரண்டு பள்ளம், ஐந்து பெட்டி. உச்சிக்கு இழுத்துக்கொண்டுபோய் விழவிடும் பெரிய வகை இல்லை. வண்டியிலேயே மோட்டார் இருக்கிறது. தண்டவாளத் துண்டுகளில் பெயிண்டால் எண் எழுதியிருந்தது. ஒவ்வொரு இணைப்பையும் அண்ணன் கட்டைவிரல் நகத்தால் தடவினார். நகம் தட்டினால் கழற்றி மறுபடி பூட்டச் சொன்னார்.

திருவிழா தொடங்கிய மாலையில் கைபேசியில் நேரம் குறித்துக்கொண்டு வீல் அருகே நின்றேன். 12 தொட்டி, தொட்டிக்கு நாலு பேர், ஒரு ஈட்டுக்கு 48 பேர். ஆனால் கீழே வரும் ஒரு தொட்டியில்தான் இறக்கி ஏற்ற முடியும். ஒரு தொட்டிக்கு 20 விநாடி வைத்தால் ஏற்றி முடிக்கவே 4 நிமிடம். சுற்று 4 நிமிடம். மணிக்கு 360 பேர். அதே வேலைக்கு 30 விநாடி ஆனால் 288 பேர்தான். வீல் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. கதவுத் தாழ்ப்பாளில் நிற்கும் பையனின் கையில் 72 பேர் போய்விடுகிறார்கள். டிராகனில் 20 பேர்தான். ஆனால் ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள். 4 நிமிடத்தில் ஒரு ஈடு முடிந்து, அதுவும் மணிக்கு 300 பேரை ஏற்றிவிடுகிறது. பாதிக்கும் குறைவான இருக்கை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன ரயில் பெரிய வீலை நெருங்கிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டீ குடிக்கும்போது அண்ணனிடம் ஃபெரிஸ் கட்டிய சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். 1893, சிகாகோ கண்காட்சி. 264 அடி உயரம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். ஆறு ஆறு பெட்டியாக நிறுத்தி ஏற்றினார்கள். ஆறு நிறுத்தத்தில் சக்கரம் நிறைந்துவிடும்.

டம்ளரைக் கீழே வைத்தார். “ஆறு பெட்டின்னா ஆறும் ஒரே மட்டத்துல நிக்காதே. படிப்படியா மேடை கட்டியிருப்பான்.”

அப்படித்தான் கட்டியிருந்தார்கள். லண்டனில் இருக்கும் சக்கரம் ஏற்றுவதற்குப் பொதுவாக நிற்பதில்லை, ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்றதற்கு அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அது சரி. நம்ம ஜனம் கைக்கொழந்தையும் கூடையுமா வரும். நிக்காம முடியாது.”

முதல் ஈட்டில் அவர் வரிசைப்படி ஏற்றவிடுவதில்லை. ஒரு தொட்டி நிறைந்ததும் அரைச் சுற்று திருப்பி எதிர்த்தொட்டியை நிரப்பச் சொல்கிறார். இதில் நேரம் போகிறது, முதலாளியும் கையைப் பிசைகிறார். கையைப் பூட்டிய அதே கணக்குதான் ஆளை ஏற்றவும். பிறகு வரும் ஈடுகளில் இறங்கும் கனத்துக்கு ஏறும் கனம் சரியாகிவிடும், வரிசைப்படி போகலாம். ஆள் குறைவான நேரத்தில் குடும்பங்களைப் பிரித்து எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். ராட்டினக்காரர்கள் வேண்டுமென்றே தகராறு செய்கிறார்கள் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. எட்டு மணிக்கு வெறித்ததும் கூட்டம் திரும்ப வந்து கயிற்றை நெருக்கியது. நூறு பேருக்குக் குறையாது. மோட்டார் காய்ந்துவிட்டது, ஜெனரேட்டர் ஓடுகிறது. அண்ணன் டார்ச்சோடு குனிந்து நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்தார். கிழக்கு மூலை இறங்கியிருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டைக்கு ஆப்பு அடித்து, தொட்டிகளில் மணல் மூட்டை வைத்து வெறும் சுற்று விட்டு, மறுபடி மட்டம் பார்க்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. விசில் அடித்தார்கள், திட்டினார்கள். என் கணக்குப்படி 450 பேர் ஏறியிருக்க வேண்டிய நேரம் அது. அவர் தலை நிமிரவில்லை. அந்த இரவில் நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றதை மறக்க மாட்டேன்.

திருவிழா முடிந்த மறுநாள் கடைசியாகப் பூட்டியதிலிருந்து கழற்றத் தொடங்கினார்கள். அடுத்தது சிறுவாச்சூர், மதுரகாளியம்மன் சித்திரைத் திருவிழா. லாரி பெரம்பலூர் வழியாக மாலையில்தான் கிளம்பும். அண்ணன் காலையிலேயே ஒரு பையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டார், மடியில் கடப்பாரை.